பழைய காரும் பழைய மெத்தையும்



2023-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி முதல் மும்பை மாநகரில் பத்மினி டாக்சி ஓடுவதில்லை. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தின் ஏட்டில் ஏறியது. இந்நகரில் டாக்சிக்கு வயது வரம்பு இருபது ஆண்டு. ஆகவே அந்த ஒரு வண்டியின் கெடு முடிந்ததும் கருப்பு மஞ்சள் பத்மினியின் சரித்திரமே முடிந்தது. அன்று பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றி எழுதின, படங்கள் போட்டன. அந்தப் படங்களைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நாம் பார்த்தவை எல்லாம் வண்டியின் வெளித்தோற்றம்தான். உள்ளே நாம் உட்கார்ந்த இருக்கையை, கைவைத்த கதவை, தலைக்கு மேலிருந்த துணியை ஒருவரும் படம் பிடித்ததாக நமக்கு நினைவில்லை.

இன்று நாம் பேச வந்தது அந்த உட்புறத்தைப் பற்றி. டில்லியிலும் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இருந்து கேட்கும் தமிழன்பர்களில் பலருடைய வீட்டு வாசலில் ஒரு காலத்தில் பியட் கார் நின்றிருக்கும். சிலர் வீட்டில் இன்றும் நிற்கலாம். அதன் உள்ளலங்காரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புவோருக்கு நமது அனுபவம் உதவக்கூடும். அதில் ஒரு பெரும் பிழையும் உண்டு. அது நாமே செய்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதலில் வண்டியின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். பெங்களூர் நேயர்கள் நன்கு அறிந்த விமானத் தொழிற்சாலைக்கு 1940-இல் வித்திட்டவரும் இவரே. அமெரிக்க நாட்டுக் கிரைஸ்லர் கம்பெனியாரின் உடன்பாட்டுடன் டாட்ஜ், பிளிமத் வண்டிகளை இங்கே பூட்டி விற்பதே ஆரம்ப காலத்து வேலை. பிறகு இத்தாலி நாட்டுப் பியட் வந்தது. 1954 முதல் பியட் 1100 வகை வண்டிகள் பம்பாய் குர்லாவில் உருவாயின. 1964-இல் ‘டிலைட்’ என்ற பெயரில் வந்த உருவமே சிற்சில மாறுதல்களுடன் இறுதிவரை நிலைத்தது. 1970-களின் நடுவில் அதற்குச் சித்தூர் ராணி பத்மினியின் பெயர் சூட்டப்பட்டது. நான்கு சிலிண்டர், 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் மூவர் நெருக்கி உட்காரக்கூடிய ஒரே நீள இருக்கை. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கல்கத்தாவை அடுத்துச் செய்த அம்பாசடர், இந்தப் பியட் ஆகிய மூன்றைத் தவிர நடுத்தர வகுப்பாருக்கு வேறு கார் ஏது அந்நாளில்? முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருப்பார்கள்.

அப்படிக் காத்திருந்தவர்களில் நமது பெரியப்பாவும் ஒருவர். மாதுங்காவில், ஐந்து தோட்டங்களுக்குச் சற்றுத் தொலைவில், பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறார். வயது எண்பத்தைந்து. கணக்குப் பிள்ளையாக ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர். 1981-இல் அவர் வாங்கிய வெள்ளை பத்மினி அதே கட்டடத்தின் முற்றத்தில் மாமரத்தடியில் நிற்கிறது. ஷண்முகானந்தா சபைக் கச்சேரிக்கும், செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கும், ஊரிலிருந்து தாதர் நிலையத்தில் வந்திறங்குவோரை அழைத்துவரவும் அந்த வண்டிதான். நாம் மத்திய சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு இந்நகரம் வந்திறங்கியபோது நம்மையும் நம் தகரப்பெட்டியையும் ஏற்றிவந்தது அதுவே.

பெரியப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு வண்டி ஓடவில்லை. மரத்தடியில் நின்ற மழைக்காலங்களில் உள்ளே ஈரம் ஏறியது. இருக்கை வெடித்தது, கதவின் உட்பலகைகள் உப்பி வளைந்தன, பூஞ்சணம் மணத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் மறுபதிவுக் கெடு நெருங்கவே, கழிவு வண்டி எடுப்போருக்குக் கொடுத்துவிடலாம் என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தது. பெரியப்பா மறுக்கவில்லை. ‘உங்களுக்கு எது சௌகரியமோ செய்யுங்க’ என்றார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாம் குறுக்கிட்டோம். எஞ்சின் வேலையை ஒரு மெக்கானிக் ஏற்றுக்கொண்டார். பதினைந்தே நாளில் உயிர் கொடுத்தும்விட்டார். உட்புறத்தைச் செப்பனிடும் பொறுப்பை நாமே எடுத்துக்கொண்டோம்.

நாம் செய்த பிழை இதுதான். காரின் உள்ளலங்காரம் என்றால் மெத்தை உறை மாற்றுவது என்று நினைத்தோம். கண்ணாடி வாசலும் குளிர்சாதனமும் உள்ள ஓர் அலங்காரக் கடையில் வண்டியை விட்டுவிட்டு அலுவலகம் போய்விட்டோம். அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்கவில்லை. என்ன செய்யக்கூடாது என்று சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது முன்னிருக்கை பளபளவென்று இருந்தது. பழைய உறையைக் கிழித்து எறிந்திருந்தார்கள். அதன் உள்ளே இருந்த சுருள் ஸ்பிரிங் சட்டத்தைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டு, ஒட்டுப்பலகையின் மேல் கனத்த ஃபோம் வைத்து மூடியிருந்தார்கள். நான்கு கதவுகளின் உட்பலகைகளையும் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதுப்பலகை அறைந்து, அதில் ஒலிபெருக்கிக்கென்று வட்டமாக ஓட்டையும் போட்டிருந்தார்கள். நாம் ஒலிபெருக்கி கேட்கவே இல்லை! பின்னிருக்கையைத் தொடும் முன் நாம் போய்ச் சேர்ந்தது நல்லூழ். கடைக்காரர் பேரில் குறை சொல்வதற்கில்லை. புது வண்டிகளுக்குச் செய்வதை அவர் இதற்கும் செய்தார். மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மொழிபெயர்ப்பவனை அலுவலகத்தில் ஒருநாளும் மன்னிக்காத நாம், இங்கே மூலத்தையே குப்பையில் போடவிட்டோம்.

வண்டி மாதுங்காவுக்கு வந்தது. பெரியப்பா கைத்தடியுடன் இறங்கி வந்து ஓட்டுநர் பக்கம் ஏறி அமர்ந்தார். இருக்கை முன்னிலும் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது. தொடை ஸ்டியரிங் வளையத்தில் இடித்தது. தலை கூரையைத் தொட்டது. கதவில் அவர் கை வழக்கமாகப் போகும் இடத்தில் கைப்பிடி இல்லை; நான்கு விரல் தள்ளி இருந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லி இறங்கிப் போனார். அதன்பின் ஒரு மாத காலம் அவர் முற்றத்துப் பக்கம் வரவே இல்லை. மாலையில் காற்று வாங்கவும் மறுபக்கத்து வாசல் வழியாகவே போனார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்நிலையில்தான் மெக்கானிக் நம்மைத் தாராவிக்கு அழைத்துப்போனார்.

தாராவிக்கும் தமிழருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பாந்திராவில் இருந்த ஆட்டுத்தொட்டி 1970-களின் தொடக்கத்தில் தேவனாருக்கு மாற்றப்பட்டது. அதன்பின் பதனிடும் தொழில் மெல்ல மெல்ல அங்கிருந்து அகன்றது. தைக்கும் தொழில் தங்கிவிட்டது. தோற்பையும் இடுப்புவாரும் விற்கும் கடைகளை சயான் பக்கமிருந்து போகிறவர்கள் இன்றும் வரிசையாகக் காணலாம். நாம் தேடிப்போனவர் அறுபதைத் தாண்டியவர். அவர் தந்தையார் தோல் பதனிட்டவர். இவரோ சிறுவயதிலேயே குர்லாவில் டாக்சி இருக்கை தைக்கும் கடையில் சேர்ந்து, தோலை விட்டு ரெக்சினுக்கு வந்தவர். தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பை தைக்கும் கூடத்தின் மேல் மாடியில், செங்குத்தான இரும்பு ஏணி ஏறிப்போனால் அவருடைய பட்டறை. கனத்த ரெக்சினைத் தைக்கும் பெரிய தையல் இயந்திரம் ஒன்று, வெட்டும் மேசை ஒன்று, சுவரெல்லாம் தொங்கும் காகித மாதிரிகள். அவரை நாம் அண்ணாச்சி என்றே அழைத்தோம். அவருக்கு நாம் ‘சார்’.

சந்தின் முனையில் நிறுத்தியிருந்த வண்டியின் முன்னிருக்கையை அவர் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ‘பலகை மேல உக்காத்தி வச்சிருக்காங்க சார். பெரியவருக்கு இடுப்பு வலிச்சிருக்குமே’ என்றார். நாம் தலைகுனிந்தோம்.

இனி அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்லலாம். இதில் வரிசைதான் முக்கியம். மெத்தையிலிருந்து தொடங்கலாம் என்று நாம் எண்ணினோம். அவர் தரையிலிருந்து தொடங்கினார். ரப்பர் விரிப்பையும் அதன் கீழிருந்த சணல் மெத்தையையும் எடுத்தபோது தரைத்தகடு இரண்டு இடங்களில் துருவேறிச் சல்லடையாகியிருந்தது. மழைநீர் கதவு வழியாகவும் கண்ணாடி ரப்பர் வழியாகவும் உள்ளே இறங்குகிறது. சணல் அதைக் குடித்துக்கொள்கிறது. மேலே ரப்பர் மூடியிருப்பதால் உலர வழியில்லை. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் தகடு எத்தனை நாள் தாங்கும்? அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, துருத்தடுப்புச் சாயம் இரண்டு பூச்சுப் பூசிய பிறகே மற்ற வேலை. தரை அழுகியிருக்க மேலே பட்டு மெத்தை போட்டு என்ன பயன்?

அடுத்தது கதவு. கதவின் உட்பலகை ஏன் உப்புகிறது என்பதை நாம் நெடுநாள் அறியோம். ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே மழைநீர் கதவின் வயிற்றுக்குள் போகத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. கதவின் அடியில் அந்நீர் வடிவதற்குச் சிறு துவாரங்கள் உண்டு. அவை மண் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும். தகட்டிற்கும் உட்பலகைக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் திரையும் இருக்கவேண்டும். கதவுக் கண்ணாடியைப் பழுதுபார்க்கிறவர்கள் முதலில் கிழித்து எறிவது அதைத்தான்; திரும்ப ஒட்டுவாரில்லை. அண்ணாச்சி துவாரங்களைக் கம்பியால் குத்தித் திறந்தார். பாலிதீன் திரையை ஒட்டினார். பழைய கார் வைத்திருக்கும் நேயர்கள் இவ்விரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தாமே செய்துகொள்ளலாம். ஒட்டுவதற்குப் பசையும் குத்துவதற்குக் கம்பியும் போதும்.

ஆனால் உட்பலகைக்கு மாதிரி எங்கே? நம்முடையவைதான் குப்பைக்குப் போயினவே. அவர் குர்லாப் பக்கம் உடைத்துப்போட்ட வண்டிகளுக்கிடையே தேடி, ஒரு டாக்சியின் இடப்பக்க முன்கதவும் பின்கதவும் கிடைத்து, அவற்றின் மேல் காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்து ஓட்டைகளின் இடத்தைப் பிடித்துவந்தார். அந்தக் காகிதத்தைப் புரட்டிப் போட்டால் வலப்பக்கக் கதவு ஆயிற்று! கண்ணாடி சுற்றும் பிடி, கதவு திறக்கும் பிடி, கை இழுக்கும் வார் எல்லாம் பழைய இடத்திற்கே வந்தன.

நிறம் இன்னொரு சிக்கல். அந்த வண்டியின் உட்புறம் காப்பிப்பொடி நிறம் என்றே நாம் எல்லாரும் நினைத்திருந்தோம். பின்னிருக்கையைக் கழற்றிப் புரட்டிய அண்ணாச்சி, உறை சட்டத்தின் அடியில் மடிந்து வளையங்களால் இறுக்கப்பட்டிருந்த விளிம்பைப் பிரித்துக் காட்டினார். வெயில் படாத அவ்விடத்தில் ரெக்சின் மாதுளை முத்துப் போலச் சிவந்திருந்தது. நாற்பது ஆண்டு வெயிலில்தான் அது காப்பிப்பொடியாகியிருக்கிறது. அந்த மடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெட்டி எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினோம். நிறம் பொருந்தினால் அதன் மேலுள்ள நுண்ணிய வரி பொருந்தவில்லை. வரி பொருந்தினால் நிறம் ஒத்துவரவில்லை. கடைசியில் வரியை விட்டுக்கொடுத்து நிறத்தைப் பிடித்தோம். அதே இருக்கையின் இடுக்கில் சில இருபத்தைந்து காசுகளும் கிடைத்தன. அவை 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் செல்லாமற்போனவை.

அமெரிக்காவில் இந்தத் தொல்லை இல்லை. 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. முதலாக அங்கே பெரிய எஞ்சின் பூட்டிய முரட்டு வண்டிகள் பல பிறந்தன. அவற்றைச் செல்லமாகப் பேணுவோர் ஏராளம். அதனால் எந்த ஆண்டு எந்த வண்டிக்கு எந்த நிறம், எந்த வரி என்று பார்த்து அச்சாக அதே மெத்தை உறையைப் புதிதாகச் செய்து விற்கவே கம்பெனிகள் இருக்கின்றன. பிரீமியர் கம்பெனிக்கு ஆதியில் வண்டி கொடுத்த டாட்ஜின் பழைய வண்டிகளுக்கும் அப்படியே. பணம் இருந்தால் தபாலில் வந்துவிடும். நம் பத்மினிக்கு அண்ணாச்சியின் கைதான் கம்பெனி.

முன்னிருக்கைக்கு வருவோம். போன ஸ்பிரிங் சட்டம் போனதுதான் என்று நாம் கைவிட்டிருந்தோம். அண்ணாச்சி தம் பட்டறையின் மூலையில் சாக்கு மூடியிருந்த குவியலை விலக்கினார். டாக்சி இருக்கைகளின் சட்டங்கள் ஆறேழு! 2023-க்குப் பின் டாக்சி வேலை அடியோடு நின்றுவிட்டது. ஆயினும் இரும்பை எடைக்குப் போட மனம் வரவில்லை என்றார். அவற்றில் நல்லதாக ஒன்றை எடுத்தார். டாக்சியில் ஓட்டுநர் பக்கத்துச் சுருள்கள் இரவும் பகலும் அமுங்கித் தளர்ந்திருக்கும். அவரருகே உட்காருகிறவர் குறைவாதலால் மறுபக்கத்துச் சுருள்கள் கெட்டியாக இருக்கும். தளர்ந்தவற்றைக் கழற்றிவிட்டு வேறொரு சட்டத்தின் நல்ல சுருள்களைக் கம்பியால் கட்டினார். கம்பித் தூரிகையால் துரு நீக்கிச் சாயம் பூசினார். சுருளின் மேல் சாக்குத்துணி. அதன் மேல் ரப்பர் பாலில் தோய்த்த தென்னைநார் அடுக்கு. அதன் மேல் பஞ்சு. அதற்கும் மேல் உறை. சாக்குத்துணி இல்லாவிட்டால் சுருள் நாரை அறுத்துத் தின்றுவிடுமாம். உறையின் ஓரங்களில் உள்ளே கயிறு வைத்துத் தைத்த வெண்மையான பைப்பிங். நடுவில் நீள நீளமான மடிப்பு வரிகள். பின்னிருக்கையின் பழைய உறையில் ஒரு மடிப்பிற்கு எவ்வளவு அகலம் என்று அளந்து அதன்படியே இதிலும் தைத்தார். பழைய உறையை ஏன் எறியக்கூடாது என்பது அப்போது நமக்கு நன்றாக விளங்கிற்று.

ஆகவே பெரியப்பாவின் கார் இன்று ஒரு டாக்சியின் எலும்பின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆயுளில் டாக்சிக்குக் காசு கொடுக்க மனம் வராதவர் அவர். இந்தச் செய்தியை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பழையபடியே செய்தோம் என்று சொல்லமாட்டோம். முன்னாளில் அந்த வண்டியில் இருக்கைப் பட்டி கிடையாது. தரை பற்றவைக்கும்போதே கனத்த இரும்புப் பட்டைகளைச் சேர்த்துப் பற்றவைக்கச் செய்து முன்னிருக்கைக்குப் பட்டி பூட்டினோம். பார்வைக்கு ஒட்டாதது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. எண்பத்தைந்து வயது மனிதரை உட்காரவைக்கப் போகும் நமக்கு அந்த அழகு தேவைப்படவில்லை. கூரைத் துணியை மட்டும் தொடவில்லை. அதை மாற்ற வேண்டுமானால் முன் பின் கண்ணாடிகளைக் கழற்றவேண்டும். துணியின் விளிம்பு அவற்றின் ரப்பருக்கடியில் போகிறது. ஒன்றுக்கொன்று நீளம் வேறுபட்ட கம்பி வில்களில் துணி கோக்கப்பட்டிருப்பதால் வரிசை மாறினால் சுருக்கம் விழும். ‘கிழியாததை எதுக்கு சார் கிழிக்கணும்?’ என்றார் அண்ணாச்சி. சோப்பு நீரால் துடைத்து, ஒரு கிழிசலைத் தைத்ததோடு சரி. அதில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. எதனால் வந்தது என்று பெரியப்பாவுக்கே தெரியவில்லை.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழம்பெரும் வண்டிகளைப் பதிவு செய்ய மத்திய சர்க்கார் 2021-இல் தனி விதிகள் வெளியிட்டது. முதற் பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்திருக்க வேண்டும். மூல உருவில் பேணப்பட்டிருக்க வேண்டும். பெரும் மாறுதல் கூடாது. அத்தகைய வண்டிக்கு எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துக்கள் வரும். அன்றாடப் போக்குவரத்துக்கு அதை ஓட்டலாகாது. பெரும் மாறுதல் என்பதற்கு விதி எடுத்துச் சொல்வன அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் என்னும் மூன்றுமே. எமது தொழில் சொற்களை எண்ணிப் பார்ப்பதாகையால் இதைக் கவனித்தோம். மனிதர் உட்கார்ந்த இருக்கையும் கைபட்ட கதவும் அவற்றில் பெயர் சொல்லப்படவில்லை. அதைப் பேணுவதும் எறிவதும் வண்டிக்காரரின் விருப்பம். பெரியப்பாவின் வண்டிக்கு ஐம்பது நிறைய 2031 வரவேண்டும்.

வேலை முடியும் தறுவாயில் ஒருநாள் அண்ணாச்சி மேசையின் இழுப்பறையிலிருந்து மடித்து வைத்த தாள்களை எடுத்தார். தாராவிச் சீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்புத் தொடர்பானவை. ‘நீங்க மொழிபெயர்க்கிற வேலையில இருக்கீங்களாமே. இதுல என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க’ என்றார். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்ததை நாம் வரிவரியாகச் சொன்னோம். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே இடம். மாடிகளில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை முறையில் வீடு என்பது திட்டத்தின் ஏற்பாடு. அவருடைய பட்டறையும் மாடி. பட்டறைக்குப் பின்புறத் தடுப்பில் அவர் குடியிருப்பும் அதே மாடி. நாற்பதாண்டு அங்கே இருந்திருக்கிறார். ஏணிக்கு மேலே இருந்திருக்கிறார். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

‘வீடு கொடுப்பாங்க. சரி. மிஷினை எங்கே வைக்கிறது சார்?’

அத்தாள்களை மறுபடியும் முதலிலிருந்து படித்தோம். ஒரு சொல்லைச் சற்று இனிமையாகத் திருப்பிச் சொல்லலாமா என்ற சபலம் அப்போது நமக்கு உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். சொல்லவில்லை. மிஷினைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை என்றே சொன்னோம். மனு ஒன்று எழுதவேண்டும் என்றார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நாம் மராத்தியில் எழுதிக் கொடுத்தோம். அதில் அவர் சேர்க்கச் சொன்ன ஒரு வாக்கியம், மிஷினின் எடையைப் பற்றியது. அந்த ஏணி வழியாக அதை மேலே ஏற்ற நான்கு ஆட்கள் வேண்டியிருந்ததாம். மனுவுக்கு இதுகாறும் பதில் வரவில்லை. கூலியாக அவர் நம்மிடம் வாங்கியது, அந்த அலங்காரக் கடைக்குக் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு.

வண்டி ஒரு சனிக்கிழமை மாலை மாதுங்கா வந்தது. பெரியப்பாவைக் கூப்பிட நமக்குக் கூச்சமாக இருந்தது. பெரியம்மாதான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, ‘சிவப்பா இருக்கே, முதல் நாள் வந்த மாதிரி’ என்று உள்ளே திரும்பிச் சொன்னார். கால்மணி நேரம் கழித்துக் கைத்தடியின் ஓசை படியில் கேட்டது.

ஓட்டுநர் பக்கம் ஏறி அமர்ந்தார். சுருள் மெதுவாக அமுங்கி நின்றது. கை கதவுக்குப் போயிற்று. கைப்பிடி அங்கே இருந்தது. கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். கியர்த் தண்டை முதலுக்கும் இரண்டுக்கும் தள்ளிப் பார்த்தார். இருக்கைப் பட்டியைத் தூக்கிப் பிடித்து, ‘இது ஏது?’ என்று கேட்டார், சொன்னோம், தலையசைத்தார். பிறகு நகர்ந்து இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு நம்மை ஓட்டச் சொன்னார். பெரியம்மா பின்னால் ஏறினார். கிங்ஸ் சர்க்கிள் பூங்காவைச் சுற்றிக்கொண்டு சயான் வரை போய்த் திரும்பினோம். வழியில் அவர் பேசியதெல்லாம் நாம் கிளட்சை அரைகுறையாக மிதிப்பதைப் பற்றித்தான்.

இறங்கும்போது பின்கதவை நாம் சற்று ஓங்கிச் சாத்திவிட்டோம். ‘மெதுவாடா! புதுப் பலகை’ என்றார். வலப்பக்கப் பின்கதவில் பீடிங் ஒன்று இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அதைக் காட்ட அண்ணாச்சியிடம் போகவேண்டும். பெரியப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஏணியில் அவரால் ஏற முடியாதாகையால், அண்ணாச்சி கீழே இறங்கி வருவதாக ஏற்பாடு.